ஒற்றைச் சோழி

காரைக்குளம் ஜமீன்தாருக்குப் படை விளையாட்டென்றால் உயிர். கட்டத்தில் ஏழு கோட்டைகள்; ஒன்று ஜமீன்தாருடையது, மற்ற ஆறும் அயலூர்களுடையவை. எந்தக் கோட்டையில் யார் அதிகச் சோழி வைக்கிறாரோ, அதன் படை அவர் பக்கம் சாயும். ஜமீன்தாரின் கோட்டை கவிழ்ந்தால் அவருக்குத் தோல்வி; இல்லாவிட்டால் எதிராளிக்கு.

அன்று வெற்றிலை மடிக்கும் ஒச்சப்பனை எதிரே உட்காரவைத்தார். தனக்கு இருபது சோழி, அவனுக்கு ஒன்று.

"தோத்தா கொட்டடிதாண்டா உனக்கு!"

அடுத்தவர் கோட்டைகள் ஆறிலும் இருபதையும் கொட்டினார். ஒச்சப்பன் தன் சோழியை ஜமீன்தாரின் கோட்டையில் வைத்தான்.

"அங்க எதுக்குடா?"

"ஊரான் படைக்கெல்லாம் அள்ளி வச்சீங்க, சாமி. உங்க படைக்கு ஒண்ணுகூட வைக்கலியே. அது இப்ப என் பக்கம்."

"இவனப் பிடிச்சு அடைங்கடா!"

பின்னால் நின்ற காவல்காரர்கள் அசையவில்லை. அந்த ஒற்றைச் சோழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.