பேசும் பலகை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, மரம் பேசினால்கூட யாரும் திரும்பிப் பார்க்காத நாளிலே, மணலூர் என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே மூன்று மாதத்தில் மூன்று குழந்தைகள் காணாமல் போயிருந்தார்கள். மூன்றாவது குழந்தை அரசரின் மகன். நரி தூக்கியது என்றார்கள் சிலர், ஆறு இழுத்தது என்றார்கள் சிலர். உண்மை ஒருவருக்கும் தெரியாது.

அந்த ஊர் ஓடக்காரன் மாசிலாமணிக்கு ஒன்றேகால் வயதில் ஒரு மகள், வடிவு. பொல்லாத வாண்டு! இடுப்பில் வைத்தால் தரை கேட்பாள், தரையில் விட்டால் இடுப்பு கேட்பாள். ஊஞ்சல் கட்டினால் அடங்குவாள் என்று பலகை தேடிக்கொண்டிருந்தவன் கண்ணில், கிளி செதுக்கிய பலகை ஒன்று ஆற்றிலே மிதந்து வந்தது. கயிறு கோக்க நான்கு மூலையிலும் துளைகூட இருந்தது. விடுவானா?

கொண்டுவந்து வேப்பமரத்தில் கட்டினான். உடனே பலகை வாய் திறந்தது.

"உட்கார வை, உட்கார வை, நான் தாங்குவேன்!"

"பாத்தியா வெள்ளத்தாயி, பலகையே சொல்லுது!" என்று மனைவியிடம் பூரித்துப் போனான்.

"பலகை சொன்னா ஆச்சா? கிளையை இழுத்துப் பாருங்க."

இழுத்தான். மடார்! கிளை காலடியில் விழுந்தது. பருத்த கிளையாகப் பார்த்து மறுபடி கட்டினான்.

"உட்கார வை, உட்கார வை, நான் தாங்குவேன்!"

"முதல்ல நீங்க கயித்துல தொங்கிப் பாருங்க."

தொங்கினான். முடிச்சு நழுவிப் பொத்தென்று விழுந்தான். ஓடத்தை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டுகிறவன் சொந்த மகளுக்கு ஒற்றை முடிச்சு போட்டிருக்கிறான், பாருங்கள் இந்த மனுஷனை! இந்தத் தடவை இரட்டை முடிச்சு போட்டான். விழுந்தாலும் அடிபடாதபடி பலகையை முழங்கால் உயரத்துக்கு இறக்கினான். குழந்தையின் இடுப்பைச் சுற்றிக் கட்டப் பழஞ்சேலையும் எடுத்துவைத்தான்.

"இப்பவாவது ஏத்தலாமா?"

"குழவிக்கல்லை ஏத்தாம பிள்ளையை ஏத்துவாங்களா? இருங்க, எடுத்துட்டு வரேன்."

புதுத் தொட்டிலில் முதலில் அம்மிக் குழவியைக் கிடத்தி ஆட்டிவிட்டு, அப்புறம்தான் பிள்ளையைப் போடுவது அந்த ஊர் வழக்கம். அவள் உள்ளே போனதுதான் தாமதம், வடிவு வீறிட்டாள், பலகை கெஞ்சியது. மாசிலாமணி மனம் இளகிவிட்டான். குழந்தையைத் தூக்கி ஒரு காலைக் கயிறுகளுக்கு உள்ளே விட்டான்.

"அவளை எடுங்க!"

வெள்ளத்தாயி போட்ட கூச்சலில் வெடுக்கென்று மகளைப் பறித்துக்கொண்டான். மனைவி குழவியைச் சேலையில் சுற்றி, பலகையில் வைத்துக் கட்டினாள். ஓர் ஆட்டு ஆட்டினாள். இரண்டாம் ஆட்டு ஆட்டினாள். மூன்றாம் ஆட்டில் பலகையிலிருந்த கிளி சிறகை விரித்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு பலகை மலையை நோக்கிப் பறந்தது!

"கிடைத்தது, கிடைத்தது, நாலாவது குழந்தை கிடைத்தது!"

மாசிலாமணி மகளின் காலைப் பிடித்துப் பார்த்தான். "ஒரு கால்... ஒரு கால் உள்ள போயிடுச்சேடி!"

"நாலாவதுன்னா மத்த மூணும் அங்கதான் இருக்கு. ஓடுங்க!"

தலைதெறிக்க ஓடினான். மலைக்குகைக்குள் எட்டிப் பார்த்தான். அங்கே மூன்று குழந்தைகள், பால்பல்லும் நரைத்த தலையுமாக! கன்னமெல்லாம் சுருக்கம். எதிரே கொக்கரையன் என்ற மந்திரவாதி, இருபது வயதுப் பையனாட்டம் பளபளவென்று உட்கார்ந்திருந்தான். கண்ணை மூடி, மடியிலிருந்த சேலை மூட்டையைத் தடவி மந்திரம் சொன்னான்.

"உன் உடம்பு எனக்கு!" அவன் பாதம் கல்லானது.

"உன் உடம்பு எனக்கு!" இடுப்பு கல்லானது.

"உன் உடம்பு..." கண்ணைத் திறந்தான், அலறப் பார்த்தான், முடியவில்லை. முழுக் கல்லாகிவிட்டான்.

அந்தக் கணமே குழந்தைகளின் தலை கறுத்தது, கன்னம் உப்பியது. மூன்றும் ஒரே குரலில் அழுதன. மாசிலாமணியும் சேர்ந்து அழுதான்.

மாசிலாமணி கொண்டுவந்து சேர்த்த மகனை அரசர் வாரி அணைத்துக்கொண்டார். வெள்ளத்தாயியைப் பார்த்து, "என்ன வேண்டும், கேளம்மா," என்றார்.

"பேசாத பலகை ஒண்ணு கொடுங்க, மகாராஜா," என்றாள் வெள்ளத்தாயி.

அன்றைக்கே புது ஊஞ்சல் கட்டினார்கள். ஊரே சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று மாசிலாமணிதான் முதலில் ஏறி ஆடினான், மூன்று முறை. அப்புறம் வடிவை உட்காரவைத்து, இடுப்பைச் சுற்றிக் கட்டி, மெதுவாகத் தள்ளினான். அவள் கலகலவென்று சிரித்தாள். அப்போதுதான் அவனுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. பின்னால் அரசர், மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்து நின்றார்.