நடவுக்காரியின் முகம்

"முகம் எங்கே, முகம் எங்கே என்று துரை கேட்கிறார். அவள் நிமிரவே மாட்டேன் என்கிறாள். நான் என்னதான் செய்ய?"

சேஷப்பர் படத்தைக் குருவின் முன்னால் பொத்தென்று போட்டார்.

குரு நரசராஜு எடுத்துப் பார்த்தார். குனிந்து நாற்று நடும் ஒரு பெண். முதுகு இருந்தது, கொண்டை இருந்தது, காலடியில் சேறு இருந்தது. முகம் மட்டும் இல்லை.

தஞ்சாவூரில் இருந்த ஒரு கிழக்கிந்தியக் கும்பினித் துரைக்கு இந்தப் பக்கத்து ஜனங்களின் தொழில்களையெல்லாம் சேஷப்பர் படமாக எழுதித் தர வேண்டும். தச்சர், குயவர், கள் இறக்குகிறவர் எல்லாரும் சமர்த்தாக முகம் காட்டி நின்றார்கள். நடவுக்காரி காத்தாயிதான் உயிரை வாங்கினாள்.

"முதல் படத்தில் நிமிர்த்தி நிறுத்தினீரே, அது என்ன ஆயிற்று?"

"கையில் நாற்றோடு மகாலட்சுமி மாதிரி நிற்கிறாளாம். இவள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்."

பாதி ஆயுளைச் சாமி படம் எழுதியே கழித்தவர் சேஷப்பர். குருவைவிட மூத்தவர் வேறு. கோபத்துக்குக் கேட்கவா வேண்டும்?

"அவளிடமே கேட்பதுதானே?"

"கேட்டேனே! 'மூஞ்சி வேணுமா, நடவு வேணுமா, ஒண்ணச் சொல்லுங்க சாமி. ரெண்டுக்கும் எனக்கு இடுப்பு இல்ல' என்கிறாள். என்ன வாய் பாருங்கள்! அடுத்த படமும் திரும்பி வந்தால் துரை வேறு ஆளை வைத்துக்கொள்வாராம். இந்த வயதில் நான் எங்கே போவேன்? ஒரு வழி சொல்லுங்கள் ஐயா."

நரசராஜு படத்தை ஓரமாக வைத்தார். தூரிகை அலசும் தண்ணீர்ச் சட்டியைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். கருங்கல் தரையெல்லாம் தண்ணீர்.

"துடையும்."

"நானா?"

"நீர்தான்."

சேஷப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணியை எடுத்தார். குனிந்தார்.

"இன்னும் குனியும். அந்த மூலையை விட்டுவிட்டீர்."

குனிந்தார்.

"இந்தப் பக்கம்."

இடுப்பு விட்டுப்போயிற்று.

"ஓய், என்ன முணுமுணுக்கிறீர்?"

"ஒன்றுமில்லை ஐயா."

வாய்தான் அப்படிச் சொன்னது. கீழே தண்ணீரில் ஒரு முகம் பல்லைக் கடித்துக்கொண்டு குருவைக் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டிருந்தது.

சேஷப்பரின் கை அப்படியே நின்றது.

"துடைத்தாயிற்றா?"

சேஷப்பர் தண்ணீருக்கு இன்னும் கிட்டக் குனிந்தார்.

"ஓய்!"

"ஐயா, காத்தாயி இத்தனை நாளும் என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தாளா?"

"எனக்கு எப்படித் தெரியும்? உம்முடைய படத்தில்தான் முகமே இல்லையே."

சேஷப்பர் நிமிரவில்லை. குனிந்தபடியே படத்தை எட்டி இழுத்துக்கொண்டார்.

"தண்ணீரும் இல்லை" என்றார்.