ரயில்வே கேட்டும் மெமரி கார்டும்

குருவின் பெயர் யாழரசி. வயது இருபத்தேழு. ட்ரோன் ஓட்டுகிறவள். அவளிடம் அதைக் கற்றுக்கொள்ளும் சீடர் தணிகாசலத்துக்கு ஐம்பத்து மூன்று. முப்பது வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறவர். முதலில் கேலியாகத்தான் அவளை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

மறுநாள் காலை அவர் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகம். கலசத்தில் தண்ணீர் ஊற்றுவதை ட்ரோனில் எடுக்க வேண்டும். இதை விட்டால் அடுத்த கும்பாபிஷேகத்துக்கு இன்னும் பன்னிரண்டு வருடம்.

ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் யாழரசி முன்னால் இரண்டு மெமரி கார்டுகளை எடுத்து வைத்தார்.

“இது ஐந்நூத்திப் பன்னெண்டு ஜிபி, டீச்சர். மலிவா கெடைச்சுது. இது நீங்க குடுத்த அறுபத்திநாலு. இதுல ‘வி முப்பது’ன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன? எதைப் போடறது?”

கேட் மூடியிருந்தது.

“உங்க ஆர்டர் நோட்டை எடுங்கண்ணே. கேட் தொறந்ததும் இந்தப் பக்கம் வர்ற வண்டி நம்பரையெல்லாம் எழுதுங்க. ஒண்ணு விடக் கூடாது.”

ரயில் போனது. கேட் ஏறியது. முதலில் வந்த பைக்கை எழுதினார். ஆட்டோவையும் எழுதினார். மூன்றாவது நம்பர் பாதியில் நிற்க, மினி பஸ், டிராக்டர், ஏழெட்டு பைக் எல்லாம் சேர்ந்தாற்போல் கடந்து போய்விட்டன.

“நோட்டுல பக்கம் தீந்து போச்சாண்ணே?”

“முக்கால்வாசி வெள்ளையாத்தானே கெடக்கு.”

“அப்புறம் ஏன் நின்னுட்டீங்க?”

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு அறுபத்திநாலு ஜிபி கார்டை எடுத்து, அதிலிருந்த எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது எழுதற வேகமா, டீச்சர்?”

“ஆமாண்ணே. ட்ரோன்ல வர்ற படத்தைக் கார்டு எழுதிக்கற வேகம்.”

மலிவுக் கார்டு சட்டைப் பைக்குள் போனது. ஆனாலும் அவருக்குக் கேள்வி தீரவில்லை.

“நீங்க இதை எங்க கத்துக்கிட்டீங்க?”

அவள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். வேறு ஊர்க் கோபுரம். குருக்கள் குடத்தைத் தூக்குகிறார். குடம் சாய்கிறது. அதோடு படம் நின்றுவிட்டது.

“அடடா! தண்ணி விழுந்ததை நேர்லயாவது பாத்தீங்களா?”

“இல்லண்ணே. ஏன் நின்னுச்சுன்னு ஸ்கிரீனையே நோண்டிட்டிருந்தேன். ஜனங்க சத்தம் மட்டும் கேட்டுச்சு.”

தணிகாசலம் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“நானும் மூணு கும்பாபிஷேகம் எடுத்திருக்கேன். கேமராவைத்தான் பாத்துட்டிருந்தேன்,” என்றார். “சரி, நாளைக்கு இந்தக் கார்டைப் போட்டுடறேன். அப்புறம் நான் என்ன செய்யணும்?”

“எழுதறதை அது பாத்துக்கும். நீங்க அண்ணாந்து பாருங்கண்ணே.”