இரண்டு எலுமிச்சம்பழம்

"இந்த ஊர்ல யோக்கியமான மெக்கானிக்னு ஒருத்தனாவது இருக்கானுங்களாம்மா?"

அர்த்தநாரி வந்ததும் வராததுமாகக் கேட்டது இதுதான். ஒரு கும்பிடுகூடப் போடவில்லை.

தையல்நாயகி அம்மா அர்த்தநாரியின் ஊரிலேயே, அதே மலைமேல் குடிசை போட்டுத் தனியாக இருப்பவர். மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அர்த்தநாரியைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் குரு குருதானே.

"உட்காருங்க."

"உட்கார்ற நிலைமையிலயா இருக்கேன்? வயிறு எரியுதுங்க."

எரியாமல் என்ன செய்யும்? மேடுபள்ளத்தில் இறங்கினால் அவர் காரின் முன்பக்கம் கடக் கடக்கென்று சத்தம். அடிவாரத்துக் கடையில் ஒரு வாரம் விட்டார். அதே சத்தத்தோடு திருப்பிக் கொடுத்தான் அந்த ஆள். கேட்டதற்கு அவன் சொன்ன பதிலை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

"ரோடு அப்படிங்க சார்."

"ரோட்டையா நான் ரிப்பேருக்கு விட்டேன்? எத்தனை அக்குறும்பு பாருங்கம்மா."

"அப்புறம்?"

"தன் கையே தனக்கு உதவின்னு நானே இறங்கிட்டேன். ஜாக்கி வெச்சுத் தூக்கி, சக்கரத்தைக் கழட்டி, போன்ல வீடியோ பார்த்துப் பார்த்து, முன்னாடி ரெண்டு பக்கமும் புது ஷாக் அப்சார்பர் மாட்டிட்டேன். இப்ப மூச்சு விடலைங்க வண்டி."

"எதுவரைக்கும் ஓட்டிப் பார்த்தீங்க?"

"வீட்டுல இருந்து இங்க வரைக்கும். பூ மாதிரி வந்துச்சு."

"இப்ப எங்க கிளம்பிட்டீங்க?"

அர்த்தநாரியின் குரல் இறங்கியது.

"கீர்த்தனாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நிறைமாசம். இன்னைக்கே வந்து சேர்ந்துடணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. திருநீறு வாங்கிட்டு மலை இறங்கலாம்னு வந்தோம்."

அந்த மலையில் இறங்குவதென்றால் வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றும் கிடையாது.

"மக என்ன சொல்றா?"

"வேற வண்டி வெச்சுக்கலாமான்னு கேட்கறாம்மா. பெத்த அப்பனை நம்பாம எவனையோ நம்பறியான்னு நல்லாக் கேட்டுட்டேன். மனசே விட்டுப்போச்சு எனக்கு."

அம்மா திருநீற்றுத் தட்டோடு எழுந்து வெளியே வந்தார்.

கார் பலாமரத்தடியில் நின்றது. பின்சீட்டில் கீர்த்தனா, வயிற்றில் கை வைத்தபடி. முகம் வெளிறியிருந்தது. அழுதிருக்கிறாள். அழவைத்தவர் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார்.

அம்மா அவள் நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு காரை ஒரு சுற்று வந்தார்.

முன்சக்கரங்களின் அடியில் தலா ஒரு எலுமிச்சம்பழம். வழியில் ஒன்றும் நேராமல் இருக்க, நசுக்கிவிட்டுக் கிளம்புவதற்காக அர்த்தநாரி வைத்தது.

அம்மா பின்னால் போய்க் குனிந்து பார்த்தார்.

"நாலு சக்கரத்துக்கும் வைக்கிறதுதானே வழக்கம்?"

"ஆமாங்க."

"பின்னாடி காணோமே. பழம் தீர்ந்துபோச்சா?"

"பழம் பையில இருக்குதுங்க. பின்னாடிக்குத் தேவையில்லைம்மா."

"ஏன்?"

"அது போன வருசம் அந்த அடிவாரத்துக் கடைக்காரன் பண்ணின வேலை. கல்லாட்டம் நிக்குது. அதுக்கு ஒண்ணும் ஆகா..."



அம்மா அவரைப் பார்த்தார். அவர் முன்சக்கரத்தைப் பார்த்தார்.

பின்கதவு திறந்தது. கீர்த்தனா கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள்.

"இப்பச் சொல்லுங்கப்பா. வேற வண்டி வெச்சுக்கலாமா, வேண்டாமா?"

அர்த்தநாரி சட்டைப்பையில் போனைத் தேடினார்.