மெழுகு பூசிய கை

தெய்வங்கள் நம்மோடு சந்தைக்கு வந்து விலை பேசிய காலம் ஒன்று இருந்தது, கேளுங்கள். அப்போது முச்சுனை நாட்டில் மழையப்பன், அனலப்பன், விதையம்மை என்று மூன்று தெய்வங்கள் குடியிருந்தார்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஒருவன் சுனைநீரை வெறுங்கையில் ஏந்த, இன்னொருவன் அதைக் குடித்துவிட்டால் இருவரும் உடன்பிறப்பு. அப்புறம் ஒருவர்மேல் ஒருவர் ஆயுதம் தூக்கக் கூடாது. தெய்வங்கள் சாட்சி.

அரசன் அரிமருகனுக்கு மலைக்காடு வேண்டும். மலைக்குடிகளோ அசையவில்லை. அவர்கள் தலைவன் பூழனின் அக்காள் வேண்மாள், அரசனின் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அரசன் அவளைக் கூப்பிட்டான்.

"தம்பியை வரச்சொல், தாயே. என் கையால் தண்ணீர் கொடுக்கிறேன். இனிச் சண்டை வேண்டாம்."

அவள் நம்பினாள். மலையேறிப் போய்ச் சொன்னாள். "நீ சொன்னா சரிதான்க்கா" என்று பூழன் வில்லை மரத்தில் மாட்டிவிட்டு, ஆட்களோடு இறங்கி வந்தான். சுனைக்கரையில் அரசன் ஏந்திய நீரைக் குடித்தான். வாயைத் துடைப்பதற்குள் வேல் பாய்ந்தது. வந்தவர்களில் ஒருவன் மிஞ்சவில்லை.

"பாவி! தண்ணி குடுத்த கைடா அது!" என்று வேண்மாள் அலறினாள்.

அரசன் சிரித்துக்கொண்டே உள்ளங்கையை விரித்தான். மெழுகு பளபளத்தது. "தண்ணீர் மெழுகில்தானே இருந்தது? என் கையில் படவே இல்லையே!"

ஊர் என்ன செய்தது தெரியுமா? கைதட்டியது! "ராசாவுக்கு என்ன மூளை, என்ன மூளை!" என்று மெச்சியது. வேண்மாள் ஒருத்தியாக அங்கேயே குழி தோண்டித் தம்பியைப் புதைத்தாள். மறுநாளே தண்ணீர் ஏந்தி வாக்குக் கொடுத்த வியாபாரி கையில் மெழுகு, சம்பந்தி கையில் மெழுகு, பூசாரி கையிலும் மெழுகு!

மழையப்பன் எழுந்தான். "இங்கே எனக்கென்ன வேலை?" என்று நடந்தான், மேகமெல்லாம் பின்னால் போயின. அனலப்பனும் பின்னாலேயே கிளம்பினான், அடுப்புகள் அணைந்தன. விதையம்மைக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. வற்றிக்கொண்டிருந்த சுனையருகே நின்றாள்.

"வெறுங்கையில் ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள், இருக்கிறேன்."

அரசன் ஓடிவந்து கையிலிருந்த மெழுகைச் சுரண்டினான். தோல்தான் வந்தது. உருக்கி எடுக்கலாமென்றால் நாட்டில் தீ ஏது?

எல்லாரும் வேண்மாளைப் பார்த்தார்கள். "ஆத்தா, உன் கை சுத்தம். நீ குடு. நாங்க பிள்ளைகுட்டிக்காரங்க."

அவள் கடைசி நீரை அள்ளினாள்.

"அன்னைக்குத் தட்டின கைதானே இதெல்லாம்? என் தம்பி குடிச்சது தொண்டையில இறங்கல. இது அவனுக்கு!"

புதைகுழிமேல் ஊற்றிவிட்டு, விதையம்மையோடு மலையேறினாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அரசனும் ஊரும் கைகூப்பிக் கதறினார்கள். கூப்பிய மெழுகுக் கைகள் ஒட்டிக்கொண்டன, பிரிக்கவே முடியவில்லை.

துரோகம் செய்தவனை மட்டுமல்ல, அதைச் சாமர்த்தியம் என்று மெச்சியவர்களையும் சேர்த்தே தெய்வம் கைவிடும்.