இறைத்துப் பார்த்த கிணறு

மடத்துக் கிணறு சொல்வதைத்தான் ஊர் விதைக்கும். மழை ஓய்ந்ததும் ஒரு நாள் எந்தக் கிணற்றிலும் யாரும் தண்ணீர் இறைக்க மாட்டார்கள். மறுநாள் விடியலில் குரு மடத்துக் கிணற்றை அளந்து, நெல்லா கேழ்வரகா என்று சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் குரு செண்பகத்தம்மை வெளியூர் போயிருந்தார். அளந்தவர் சீடர் அழகேசர். ஜவுளிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர்.

முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கினார். ஒன்பது முடிச்சு நனைந்து வந்தது. அழகேசருக்குத் தலைகால் புரியவில்லை.

"நெல்லே போடலாம்!"

அவ்வளவுதான். விதைநெல்லை ஊறப்போட ஊரே ஓடிற்று.

வெயில் ஏறி வந்து சேர்ந்த அம்மை, நேரே முற்றத்துச் சுவரிடம் போனார். மழைச் சட்டியில் விழுந்ததை அளந்து இழுத்த கரிக்கோடுகள் அங்கே இருந்தன.

"போன வருஷத்தில் பாதி மழைகூட இல்லையே. கிணறு எப்படி நிறைஞ்சது, அழகேசரே?"

"தெரியலை அம்மா. ஆனா, கண்ணால பார்த்தேனே!"

அம்மை ஊர்ப் பெரியதனக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். "பொன்னுரங்கம், உங்க எஞ்சினைக் கொண்டாங்க. கிணத்தை இறைச்சு ஊருணியில விடுங்க."

"அம்மா! ஊரே குடிக்கிற கிணறு. ஊத்து வரலைன்னா?"

"வரலைன்னா இன்னைக்கே தெரியட்டும்."

எஞ்சின் தடதடத்தது. ஊர் கிணற்றைச் சுற்றி நின்றது. படிப்படியாகத் தண்ணீர் இறங்க, மேற்குச் சுவரில் ஓர் ஓட்டை வாயைப் பிளந்தது. விளிம்பெல்லாம் ஓடைச் சருகு. எங்கோ மலையில் பெய்த மழை, ராத்திரி பக்கத்து ஓடையில் ஓடிவந்து அந்த ஓட்டை வழியாக உள்ளே விழுந்திருக்கிறது.

சாயங்காலம் எஞ்சின் கர் கர் என்று காற்றை உறிஞ்சி நின்றது. அடியில் வெறும் சேறு.

"'நெல்லே போடலாம்ம்ம்'னு ராகம் போட்டீங்களே சாமி," என்றார் பொன்னுரங்கம், அச்சு அசல் அழகேசர் குரலில். "ஊத்து எங்க சாமி?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

வெகுநேரம் கழித்துச் சேற்றில் ஓர் இடம் மினுங்கிற்று. நூல் போல ஒரு கசிவு. விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மை கயிற்றை இறக்கினார். இரண்டு முடிச்சு நனைந்தது. காத்திருந்து மறுபடி இறக்கினார். அதே இரண்டு.

"ஊறப்போட்ட விதைநெல்லு?" என்றார் பொன்னுரங்கம், குரல் இறங்கி.

"அவிச்சுக் குத்திச் சோறாக்குங்க. வயல்ல கேழ்வரகு போடுங்க."

கூட்டம் கலைந்தது. அழகேசர் மட்டும் கிணற்றடியிலேயே நின்றார்.

"காலையில நான் பார்த்தது பொய்யா, அம்மா?"

அம்மை கயிற்றைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

"பொய்யில்லை. அது விருந்தாளி. வீட்டுக்காரர் இப்பத்தான் வந்திருக்கார்."