செவலை பிடித்த கொழுக்கட்டை

ஒரு காட்டில், மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கும் பௌர்ணமியன்று விளக்குத் திருநாள் வரும். அன்றைக்குப் பெரியவர்களுக்கு வேலை குறைவு. குட்டிகளுக்குத்தான் கை ஓயாது. இலையும் பிசினும் வைத்து விளக்குக் கூடு செய்ய வேண்டும். மூங்கிலரிசி மாவில் தேன் விட்டுப் பிசைந்து பிடி கொழுக்கட்டை பிடிக்க வேண்டும். அடுப்புப் பக்கம் மட்டும் குட்டிகள் போகக் கூடாது. அது கரடியம்மாவின் பொறுப்பு.

எல்லாக் குட்டிகளின் கொழுக்கட்டையும் ஒரே பானையில்தான் வேகும். வெந்து இறங்கிய பிறகு எது யாருடையது என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா, குழந்தைகளே? பிடித்த கையின் தடம் கொழுக்கட்டையில் இருக்குமே! அந்தத் தடத்தில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். பொருந்தினால் உன்னுடையது, விளக்கு ஏற்றும் பாறை மேல் வைத்துப் படைத்துவிட்டுச் சாப்பிடலாம். பொருந்தாததைத் தொடக் கூடாது. புலிகூட மீறாத வழக்கம் அது.

அந்தக் காட்டில் செவலை என்றொரு நரிக்குட்டி இருந்தது. போன வருடம் அது மிகச் சின்னது. மாவுப் பக்கமே யாரும் விடவில்லை. இந்த வருடம் முதன்முதலாகத் தன் கையால் கொழுக்கட்டை பிடிக்கப் போகிறோம் என்று மழைக்காலம் முழுக்க அது ஈரமண்ணைப் பிடித்துப் பிடித்துப் பழகியிருந்தது.

திருநாளுக்கு முந்தின நாள் மயிலார் ஒரு மரக்கிளையில் நின்று புது அறிவிப்புச் செய்தார்.

"இதுவரை பாறைக்கு யார் முதலில் ஓடி வந்தாலும் முதல் விளக்கை ஏற்ற விட்டோம். அது என்ன அழகு? இந்த வருடம் எந்தக் குட்டியின் கைவேலை கண்ணுக்கு நிறைவாக இருக்கிறதோ, அந்தக் குட்டிதான் முதல் விளக்கு ஏற்றும். பார்த்துச் சொல்லப் போவது நான்!"

செவலையின் அம்மாவுக்குக் காது விடைத்தது.

மறுநாள் காலையில் செவலை புரச இலைகளைப் பிசினால் ஒட்டி ஒரு விளக்குக் கூடு செய்தது. ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஆனாலும் நின்றது. "அம்மா, பார்! நிற்கிறது!" என்று கூவியது.

நரியம்மா பார்த்தாள். "நிற்கிறதா? நொண்டுகிறது! கொண்டா இப்படி" என்று வாங்கி, இலைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, தானே உட்கார்ந்து புதிதாக ஒன்று முடைந்தாள். உச்சியில் ஒரு மயிலிறகையும் செருகினாள்.

"அம்மா, அது என்னுடைய கூடு!"

"இதுவும் உன்னுடையதுதான் கண்ணு. உனக்காகத்தானே செய்கிறேன்?"

செவலை மாவுச் சட்டிப் பக்கம் போனது. கையை வைப்பதற்குள் அதன் கையில் ஓர் அடி விழுந்தது.

"தொடாதே! மண்ணு கையும் நீயும்! கோணல்மாணலாகப் பிடித்து வைத்தால் மயிலார் திரும்பிப் பார்ப்பாரா?"

"கழுவிவிட்டுத்தான் வந்தேன். கோணலாக வந்தால் வரட்டும். குட்டிகள்தானே செய்ய வேண்டும்?"

"எல்லா வீட்டிலும் குட்டிகள்தான் செய்கிறார்கள் என்று நினைத்தாயா? அசடு!" என்ற நரியம்மா குரலைத் தாழ்த்தினாள். "இங்கே பார். நம்மைக் கண்டாலே ஊரெல்லாம் என்ன சொல்கிறது? 'திருட்டு நரி.' உன் தாத்தா காலத்திலிருந்து இதே பேச்சு. என் பிள்ளை முதல் விளக்கு ஏற்றட்டும். அப்புறம் ஒருத்தர் வாய் திறக்கிறார்களா, பார்க்கிறேன்."

செவலை யோசித்தது. திருட்டுப் பெயர் போகத் திருட்டு வேலை செய்வது எப்படிச் சரியாகும்? கேட்க நினைத்தது. அதற்குள் நரியம்மா எழுந்து வெளியே போய்விட்டாள்.

நரியின் கைக்கும் கொழுக்கட்டை அழகாக வராது என்று நரியம்மாவுக்கே தெரியும். ஆகவே ஒரு கூடை விளாம்பழத்தைக் காட்டி மந்தி அக்காவை அழைத்து வந்தாள். மந்தி அக்காவின் விரல்கள் நீளமானவை. ஒரு பிடி, ஒரு திருப்பு. ஒவ்வொரு கொழுக்கட்டையிலும் ஐந்து விரலும் ஐந்து இதழாக விழுந்தன. பத்துக் கொழுக்கட்டை, பத்துப் பூ.

"நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நரியம்மா, பானை திறக்கும்போது பையன் கையை வைத்துப் பார்ப்பார்களே?" என்றது மந்தி அக்கா.

"யார் பார்க்கிறார்கள்? ஒரே தள்ளுமுள்ளில் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். இவனும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான்."

"என்னை வைத்துப் பேசுகிறீர்கள், என்னைக் கேட்கவில்லையே!" என்றது செவலை.

இருவரும் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மாலையில் குட்டிகள் எல்லாம் தங்கள் கூடுகளையும் கொழுக்கட்டைகளையும் தேக்கிலையில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றன. மயிலார் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். கரடியம்மாவின் மகள் தேனுவின் முன்னால் நின்றார்.

"இது என்ன? கொழுக்கட்டையா? யாரோ மேலே உட்கார்ந்த மாதிரி இருக்கிறதே!"

"உட்காரவில்லை ஐயா. பிடித்தேன். என் கை பெரிய கை" என்றது தேனு.

எல்லோரும் சிரித்தார்கள். தேனுவும் சிரிக்கப் பார்த்தது, முடியவில்லை. பக்கத்தில் நின்ற முயல்குட்டியின் இலையை மயிலார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செவலையின் முன்னால் வந்ததும் அவருடைய தோகை தானாகவே விரிந்தது. "ஆகா! இறகு வைத்த கூடு! இதழ் இதழாகக் கொழுக்கட்டை! இந்தச் சின்ன வயதில் இப்படி ஒரு கைவேலையா? இவன்தான்! முதல் விளக்கு இவன்தான்!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. செவலையின் முகம் மட்டும் எரிந்தது. யாருடைய வேலையையோ புகழ்கிறார்கள், நன்றி சொல்ல வேண்டியது நானா?

மயிலார் நிறுத்தவில்லை. "இன்னொன்றும் சொல்கிறேன். இந்த வருடம் தள்ளுமுள்ளு கூடாது. பானை திறந்ததும் வெற்றி பெற்றவன் மட்டும் முதலில் வரட்டும். எல்லோரும் பார்க்க, தன் கொழுக்கட்டையைக் கை வைத்து எடுத்துப் பாறை மேல் வைக்கட்டும். அது எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்!"

நரியம்மாவின் வால் நின்றுவிட்டது.

பானை அடுப்பில் ஏறுவதற்கு முன் குட்டிகள் கொழுக்கட்டைகளைப் பானைக்குக் கொண்டு போயின. பானைப் பக்கத்தில் தேனு செவலையை மறித்தது.

"உன் கையைக் காட்டு."

"எதற்கு?"

"காட்டுடா." தேனு முகர்ந்து பார்த்தது. "மாவு வாசனையே இல்லை! நகத்தில் ஒரு பொட்டு மாவு இல்லை! பத்துக் கொழுக்கட்டை பிடித்த கையா இது? திருட்டு நரி!"

"நான் திருடவில்லை!" செவலை கத்தியே விட்டது. "என்னைத் தொடவே விடவில்லை! கூடு செய்தேன், அம்மா பிய்த்துப் போட்டாள். மாவில் கை வைத்தேன், அடித்தாள். மழை முழுக்க மண்ணில் பழகினேன் தெரியுமா? எல்லாரும் பிடித்தீர்கள். நான் மட்டும் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. அதற்குத் திருடன் பட்டம் எனக்கா?"

தேனு செவலையின் கையையே பார்த்தது. பிறகு தன் இலையின் ஓரத்தில் மிச்சமிருந்த மாவு உருண்டையை எடுத்து நீட்டியது.

"இந்தா. பிடி."

"இதில் தேன் இல்லையே?"

"தீர்ந்துவிட்டது."

"யார் தீர்த்தது?"

தேனு வாயைத் துடைத்துக்கொண்டது. "இருந்த தேன் தீராமல் என்ன செய்யும்? பிடிக்கிறாயா இல்லையா?"

செவலை பிடித்தது. மாவு உலர்ந்திருந்தது, ஓரம் வெடித்தது. ஒரு முனை பருத்து, ஒரு முனை கூம்பி, நடுவில் நரிக்குட்டியின் நாலு விரல் ஆழமாகப் பதிந்தது. அதைவிட அழகான பொருளை அது அதுவரை பார்த்ததில்லை. கரடியம்மா பானையை மூடுவதற்கு முன்னால் அதை ஓரமாகவும் அந்தப் பத்தை மேலேயும் வைத்துவிட்டு வந்தது.

ஆவி எழுந்தது. நிலவும் எழுந்தது. கரடியம்மா பானையை இறக்கித் திறந்தாள். மூங்கிலரிசியின் வாசனையில் எல்லோருக்கும் நாக்கு ஊறியது.

"வெற்றி பெற்றவன் வரட்டும்!" என்றார் மயிலார்.

செவலை போய் நின்றது. நரியம்மா பின்னாலேயே வந்து காதருகே குனிந்தாள். "விரலை மடக்கிக்கொள். மேலே இருப்பதைச் சட்டென்று எடு. எடுடா!"

மேலே ஐந்திதழ்ப் பூக்கள் வெந்து மின்னின. ஒன்றை எடுத்தால் போதும், முதல் விளக்கு. செவலைக்கும் விளக்கு ஏற்ற ஆசைதான். ஆனால் அதன் கண் அடியிலேயே துழாவியது. தன்னுடையது எங்கே? உடைந்துவிட்டதா? இல்லை. அதோ ஓரத்தில், வெடித்த ஓரத்தோடு!

செவலை அதை எடுத்தது. நாலு விரலை நாலு பள்ளத்தில் வைத்து எல்லோருக்கும் காட்டியது. "இதுதான் என்னுடையது."

"என்ன அது?" மயிலார் பின்வாங்கினார். "நான் தேர்ந்தெடுத்தது இது இல்லையே!"

"நீங்கள் தேர்ந்தெடுத்தது என்னுடையது இல்லை ஐயா."

"குழந்தைக்கு வெட்கம்" என்று நரியம்மா முந்திக்கொண்டாள். "இதழ்க் கொழுக்கட்டை ஆவியில் கொஞ்சம் ஊதியிருக்கிறது, அதனால் இவனுக்கு அடையாளம் தெரியவில்லை."

"என்னுடையது ஊதவில்லையே!" என்றது தேனு.

"என்னுடையதும்!" "என்னுடையதும்!" என்று குட்டிகள் கத்தின.

"ஊதினால் நாலு விரல் ஐந்தாகுமா, தங்கச்சி?" என்று கேட்டாள் கரடியம்மா.

நரியம்மா மகனைப் பார்த்துச் சீறினாள். "உனக்காக அல்லவா இவ்வளவும் செய்தேன்! மானத்தை வாங்கிவிட்டாயே!"

"எனக்காக ஒன்றுமே செய்யவில்லை அம்மா!" செவலையின் குரல் தணியவில்லை. "நான் செய்ய வேண்டியதை எல்லாம் பிடுங்கிக்கொண்டாய். என்னிடம் இருந்தது என் கை ஒன்றுதான். அதையும் மடக்கிக்கொள் என்கிறாய்! திருட்டு நரி என்று இவர்கள் சொன்னால் கோபம் வருகிறதே உனக்கு. நீயே என்னைத் திருடச் சொன்னால் யாரிடம் போய்க் கோபப்படுவேன்?"

மயிலாரின் தோகை மெல்லச் சுருங்கியது.

"அப்படியானால் இந்தப் பத்தும் யாருடையது?" என்று கேட்டாள் கரடியம்மா.

கூட்டத்தின் கடைசியில் ஒரு நீளக் கை உயர்ந்தது. விளாம்பழம் தின்ற வாயோடு மந்தி அக்கா முன்னால் வந்தது. ஒரு கொழுக்கட்டையில் விரல்களை வைத்தது. உறையில் போட்ட மாதிரி பொருந்தியது.

"வழக்கம் என்றால் வழக்கம்தானே?" என்று சொல்லிவிட்டுப் பத்தையும் வாரி மடியில் கட்டிக்கொண்டது. ஒன்றை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டது.

"அப்படியென்றால் மந்தியா விளக்கு ஏற்றுவது? குட்டியே இல்லையே அது! கைவேலையை நானே பார்த்துத் தேர்ந்தெடுத்தேனே!" என்று மயிலார் தடுமாறினார்.

"பார்த்தீர்கள். தடத்தைப் பார்க்கவில்லை" என்றாள் கரடியம்மா. பிறகு குட்டிகள் பக்கம் திரும்பி, "எதற்கு நிற்கிறீர்கள்? எப்போதும் போல ஓடுங்கள்!" என்றாள்.

குட்டிகள் தத்தம் கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டு பாறையை நோக்கிப் பாய்ந்தன. தேனு பாதி வழியில் உருண்டது. செவலைக்குக் காலில் வேகம் உண்டு. ஆனாலும் அது ஓடவில்லை, கையிலிருந்தது வெடித்துவிடுமே! மூன்று காலால் மெதுவாக நடந்து போனது. முதல் விளக்கை ஏற்றியது, யாரும் திரும்பிப் பார்க்காத அந்த முயல்குட்டி.

வரிசையாக விளக்குகள் எரிந்தன. செவலை தன் கொழுக்கட்டையைப் பாறை மேல் வைத்தது. அது நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தது.

பின்னாலேயே வந்து நின்ற நரியம்மாவின் கை, பழக்கத்தில், அதைச் சரிசெய்ய நீண்டது.

"தொடாதே அம்மா."

நரியம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்தது. கொழுக்கட்டை சாய்ந்தபடியே இருந்தது.

நீதி: பிள்ளையின் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டு வாங்கும் பாராட்டு, பிள்ளையைச் சேராது.